ஏழாம் அத்தியாயம், நான்காம் தடவை

ஏழாம் அத்தியாயத்தில் மழை பெய்துகொண்டிருந்தது.
முதலில் அதைத்தான் அடித்தேன்.
மங்காஃபில் மழை வந்தால்
அறையில் ஐந்து பேரும் மாடிக்கு ஓடுவோம்.
கதையில் ஒருவன்கூடத் தலையைத் தூக்கவில்லை.

பழைய டெலிவரி நோட்டுகளின் பின்பக்கம்தான் என் காகிதம்.
முன்பக்கம்
அரை இஞ்ச் வால்வு நாற்பது, கேஸ்கெட் இருநூறு,
பெற்றுக்கொண்டவர் கையெழுத்து.
பின்பக்கம்
பதினான்காம் தாளில் ஒரு கிரேன் ஆபரேட்டர் சாகிறான்.

அடுத்த கட்டில் வியாகுலம்
நிஜமாகவே கிரேன் ஓட்டுகிறவன்.
நான் குளிக்கப் போன நேரம்
தலையணைக்கடியிலிருந்து எடுத்துப் படித்துவிட்டான்.
ஈரத் துண்டோடு வந்து நிற்கிறேன்,
குப்பூஸைப் பிய்த்தபடி கேட்கிறான்:
"ஏம்டே என்னக் கொன்ன?"

நீயில்லை என்றேன்.

"எடது காது கேக்காதவன்
இந்த பில்டிங்ல வேற எவன் இருக்கான்?"

அப்புறம் திருத்தம் சொன்னான்.
புழுதிக்காற்றில் எவனும் பூம் தூக்க மாட்டான்,
காற்று மீட்டர் அலறினால் இறக்கிவிட வேண்டும்.
போர்மேன் தமிழில் திட்ட மாட்டான், அவன் எகிப்துக்காரன்.
"பொறவு, சாவப்போறவன் ஒண்ணரைப் பக்கம் பேசுகான்.
அதுக்கு மூச்சு வேணும்லா?"

அந்த ஒன்றரைப் பக்கம்.
மூன்று வருடமாக
வேறெதற்கும் கொடுக்காமல் வைத்திருந்த உவமை ஒன்று
அதில் இருந்தது.
ஸ்டோரில் உடைந்த சரக்கின் மேல் கோடு போடுகிற
அதே சிவப்புப் பேனா.
வெள்ளிக்கிழமை, தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரம்,
குறுக்கே ஒரு கோடு.

சாகடிக்காமல் பார்த்தேன்.
வேலை போயிற்று என்று எழுதினேன்.
"அதுக்குச் செத்தே போயிருக்கலாம்."
ஊருக்கு அனுப்பினேன்.
"டிக்கெட் எவன் போட்டான்?"

கடைசியில் பெயரை மாற்றினேன்.
ஊரைத் தென்காசியாக்கினேன்.
இரண்டு காதையும் கொடுத்தேன்.
படித்தான். மடித்தான். வைத்தான்.
அன்று சாயங்காலம்
ஐந்து பேருக்கு நாலு கிளாஸ் டீ போட்டான்.
மறுநாளும் நாலு.

மூன்றாம் நாள், விளக்கணைத்து வெகுநேரம் கழித்து,
ஏசி இரைச்சலுக்கு மேலே குரல் வந்தது:
"பேரு போவட்டு.
அந்தக் காதாவது இருக்கட்டும்டே."

எழுந்து, செல்போன் வெளிச்சத்தில்,
ஒன்றரைப் பக்கம் இருந்த இடத்தில் எழுதினேன்:

*தண்ணீர் குடிக்கக் கேபினைவிட்டு இறங்கினான்.
இடப்பக்கமிருந்து யாரோ கத்தினார்கள்.
அவன் பாட்டிலை மூடிக்கொண்டிருந்தான்.*

இன்னும் காட்டவில்லை.

கேட்கிற காதைத் தலையணையில் அழுத்தித் தூங்குகிறவன் அவன்.
சனிக்கிழமை விடியலில் வண்டி ஹாரன் அடிக்கிறது.
கூப்பிட்டுப் பயனில்லை.
கிட்டே போய்
தோளைத் தொடுகிறேன்.