போகேக்கையா, வரேக்கையா

நெல்லியடிக் கராஜில்
பஜிரோ மூண்டு இஞ்சி உயர்ந்து நிக்குது,
காலை மடிக்க மறந்த கொக்குப்போல.
உயர்த்தினது நான்தான். ஷொக் அப்சோபர் பழசு;
நீளம் காணாமல்
பள்ளத்துக்குப் பள்ளம் இழுபட்டு
டொங் எண்டுது.

"என்ன பாரம் ஏத்துவியள்?"
பிஸ்கற் மட்டையில்
ரண்டு ஸ்பிரிங்குக்கும் விலை எழுதுறான் அருள்நேசன்.

மணற்காட்டுக்கு ஐநூறு லீற்றர் தண்ணி.
திரும்பேக்கை வெறுந் தாங்கி,
ஒரு பை சூடை மீன்.

"அப்ப போறதுக்கு வாங்கிறியளோ,
வாறதுக்கு வாங்கிறியளோ?"

தடிச்சது
பாரத்தோடை மணலில் நிமிர்ந்து ஏறும்;
வெறுமையாய் வந்தால்
வல்லிபுரத்துத் தார் றோட்டிலையே பல்லுக் கழரும்.
மெல்லிசு பின்பக்கம் குந்தும்,
முன்சில்லு மணலில் பிடியாது.

சவுக்குக்காட்டு மேட்டை நினைச்சுத்
தடிச்சதைத் தொட்டன்.

பிலோமினா இறங்கி வந்தாள்.
கழுத்துப் பட்டியைக் கழற்றி
அந்த ஸ்பிரிங்குக்கு மேலை வைச்சாள்.
"தண்ணிக்கு நோகாது" எண்டாள்.

கொஞ்ச நேரம் கொம்பிரசர் மட்டும் இரைஞ்சுது.

"அப்ப மெல்லிசைப் போடு.
இருநூற்றைம்பதாய்
ரண்டு நடை போறன்."

அருள்நேசன் மட்டையைத் திருப்பி
டீசலுக்குக் கணக்குப் போடத் தொடங்கினான்.