தொண்ணூற்றேழு டிகிரி

பணகுடியில் ஆனி மாதம்.
காயப்போட்ட சாரம்
அடுத்த தெரு கேபிள் வயரில் தொங்குகிறது.
கதவுக்கு அரை மூட்டை சிமெண்டை முட்டுக் கொடுத்துத்தான்
தூங்கப் போகிறது தெரு.
இத்தனை காற்று அடிக்கும் ஊரில்
மூச்சு முட்டுகிறது என் லேப்டாப்புக்கு.

பதினொன்றரைக்கு உட்காருவேன்.
தோகாவில் அப்போது ஒன்பது.
தம்பி கனிராஜ் வந்துவிடுவான்.
இருவருமாய் ஒரு பனிமலைக் கோட்டையைப்
பிப்ரவரியிலிருந்து பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

முதல் பத்து நிமிடம் வெண்ணெய்.
அப்புறம் விசிறி எழும்பும்,
அரவை மில்லில் வத்தல் விழுந்த மாதிரி.
அறுபது, நாற்பது, பதினொன்று.
எண் இறங்க இறங்க
ஓங்கிய கோடரி ஓங்கியபடி நிற்கும்.
ஒரு காலைப் பனியில் வைத்த என் வீரன்
மறுகாலைப் பற்றி யோசிப்பான்.
யோசித்து முடிப்பதற்குள் செத்திருப்பான்.
'ஏண்ணே, நின்னுட்ட?'
திரையின் மூலையில் சிவப்பாய்த் தொண்ணூற்றேழு.
பனிமலை ஏறுகிறவனுக்கு
விரல்நுனி வேகிறது.

தலையணை மேல் வைக்காதே என்றார்கள்.
எடுத்துவிட்டேன்.
நாலு கலர் மூடியைக் காலாய்க் கொடுத்துத் தூக்கி வைத்தேன்.
மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பினேன்;
அனிஷா தூக்கத்திலேயே எழுந்து
தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.
படத்தின் தரத்தைக் குறைத்துக் குறைத்து ஆடினேன்.
முதலில் நிழல்கள் போயின,
பிறகு மரங்களின் இலை,
கடைசியில் கனிராஜின் முகம்
வெள்ளையடித்த சுவர்.
'விடுண்ணே. இங்கயும் பத்து மணியிலேர்ந்து மூணரை வரைக்கும்
வெயில்ல யாரும் நிக்கக் கூடாது.
மெசினுக்கு மட்டும் என்ன?'

என் பிழைப்பு என்ன தெரியுமா?
காற்றாலை. எண்பது மீட்டர் ஏணி.
கியர்பாக்ஸ் எண்ணெய் கொதித்தால்
தானாக நின்றுகொள்ளும் ராட்சசனின் உச்சியில்
தூசி ஊதிவிடுகிறவன் நான்.
மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, தேதியும் கையெழுத்துமாக.
மடியில் கிடப்பதற்கு
நாலு வருடமாய் ஒரு திருப்புளி காட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து
பாயில் கவிழ்த்துப் போட்டேன்.
பதினோரு திருகாணி. எண்ணித் தட்டில் வைத்தேன்.
உள்ளே, விசிறி இதழ்களுக்குப் பின்னால்,
காற்று வெளியேறும் கம்பி வரிசை முழுக்க
ஒரு குட்டிப் போர்வை நெய்து கிடந்தது:
செம்மண், பூனைமயிர்,
எங்கள் கல்யாணத்து ஜிகினா ஒன்று.
சில்லின் மேலிருந்த பசை
பழைய சந்தனமாய்ப் பொருக்குவிட்டிருந்தது.
சுரண்டித் துடைத்துப்
புதுப் பசை ஒரு பயறளவு வைத்தேன்.
'இம்புட்டுதானா? இதுக்கா நாலு மாசமா
அந்தக் கம்பெனிக்காரனை ஏசுனீரு?' என்றாள் அனிஷா.
மூடி முடித்தபோது
தட்டில் ஒரு திருகாணி மிச்சம்.

அன்றிரவு எண்பத்தொன்று.
ஓடுகிறதா என்று காதை வைத்துப் பார்க்கும்படி
விசிறி சாந்தமாகிவிட்டது.
கோடரி இறங்கியது. கோட்டை வாசல் பிளந்தது.
அப்போதுதான் ஹெட்செட்டில் கேட்டது,
கனிராஜுக்குப் பின்னால்,
அடுக்குக் கட்டில் ஒன்று முனகுவது,
யாரோ இந்தியில் விளக்கை அணைக்கச் சொல்வது,
அப்புறம், மிகப் பக்கத்தில்,
போர்வைக்குள் விளையாடுகிற ஒருவனுடைய மூச்சு
அவன் மேலேயே திரும்பிப் படுவது.
இத்தனை மாதமும் இதற்கு மேல்தான்
என் விசிறி கத்திக்கொண்டிருந்திருக்கிறது.

'ஏண்ணே, நின்னுட்ட? திரும்பவும் சூடாயிட்டா?'

திறந்த வாசலில், பனியில்,
என் வீரன் கோடரியைத் தொங்கவிட்டு நிற்கிறான்.
எண்பத்தொன்றுதான்.

'ஆமாலே' என்றேன்.
'நீ போர்வைய விலக்கிட்டு, கொஞ்சம் வெளிய போயிட்டு வா.
நான் நிக்கேன்.'