விலைப்புள்ளி, திருத்தம் மூன்று

கர்னி டிரைவ் ஹோட்டலின் ஆறாவது மாடி.
பல் கிட்டுகிற ஏர்கான்.
மேடையில் பெனின் நாட்டுக் கொடி, சற்றே கோணலாக.
அறிவிப்பாளர் "மேடம் சுனாமி" என்று அழைத்ததும்
கடல் தெரியும் ஜன்னலோரத்தில்
இரண்டொருவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.
செனாமி, என்று திருத்தினாள்.
தெய்வம் தந்தது என்று பொருளாம் அவள் மொழியில்.

பருத்தி என்றாள்.
தோலோடு கப்பலேறிய முந்திரியை
இனி உள்ளூரிலேயே உடைத்துப் பருப்பாக்கப் போகிறார்களாம்.
பழுத்த பின்னும் பச்சை மாறாத அன்னாசி.
கொத்தொனூ துறைமுகம்.
திரையில் கோடுகளெல்லாம் மேலே ஏறின.
இறங்குகிற கோட்டை
யார்தான் விமானத்தில் ஏற்றிக் கொண்டுவருவார்கள்?

நான் பிறையில் கொதிகலன் செய்யும் கம்பெனியில்
விலைப்புள்ளி எழுதுகிறவள்.
பதினோரு வருஷமாக
இரும்பின் எடை, குழாயின் தடிமன், கப்பல் வாடகை,
கடைசியில் முதலாளி கையெழுத்துக்கு ஒரு கோடு.
முதலாளி ஊய் கறிபாப்பைக் கடித்தபடி
"செம்பனை நாம் சொல்லிக் கொடுக்கலாம் இவர்களுக்கு" என்றார்.
அவள் சிரித்துவிட்டாள்.
"மரமே எங்கள் பக்கத்திலிருந்து வந்ததுதானே, ஐயா.
விதை போன வழியே
பில் திரும்பி வருகிறது."
ஊயும் சிரித்தார்.
பாதிக் கறிபாப் தட்டிலேயே நின்றுவிட்டது.

ஏழாவது படம்.
உழைப்பாளர்: இளைஞர், ஏராளம், மலிவு.
அறையெங்கும் பேனாக்கள் ஓடின.
என் பேனாவும்தான், பொய் சொல்வானேன்,
மலிவுக்குக் கீழே இரண்டு கோடு போட்டது.

பிறகுதான் வயிற்றில் என்னமோ புரண்டது.
லண்டனில் ஏதோ ஒரு சந்தில், மழைநாளில்,
பங்கு வாங்குவோருக்கான தாளில்
ஒரு குமாஸ்தா இதே மூன்று சொல்லை எழுதியிருப்பான்.
நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்களுக்கு
அதை யாரும் படித்துக் காட்டியிருக்க மாட்டார்கள்.
நாங்களும் ஒரு காலத்தில்
நல்ல வாய்ப்பாக இருந்தோம்.

சாயங்காலம் பெர்ரி ஏறி
அவளைப் பட்டறைக்கு அழைத்துப் போனேன்.
சோதனைக்கு நின்ற கொதிகலனை
மாடு வாங்க வந்தவளைப்போல் தட்டிப் பார்த்தாள்.
உங்கள் எண்ணெய் ஏன் இப்படி வெளுத்திருக்கிறது?
வெளுத்தால்தான் விற்கும், என்றேன்.
சிவப்பை மரத்தின் பெயரில் மட்டும் வைத்துக்கொண்டோம்.
கைப்பையிலிருந்து ஒரு குப்பி எடுத்து மேசையில் வைத்தாள்,
அவள் தங்கை காய்ச்சியது,
பழுத்த மிளகாயின் நிறம்.

பிறகு என் தாள்களைப் புரட்டினாள்.
"கொதிகலன் விலை இருக்கிறது.
போல்ட்டின் விலைகூட இருக்கிறது.
அழுத்தமானி முன்னால் இரவெல்லாம் நிற்கிறவன் எங்கே?"
அது எங்கள் கணக்கில் வராது, என்றேன்.
கொஞ்சம் பொறுத்து, நான் கேட்காமலே சொன்னாள்:
"ஏழாவது படம் நான் எழுதியதில்லை.
ஆனால் காட்டியது நான்."

அன்றிரவே திருத்தம் இரண்டு.
வரி பதினாலு: கொதிகலன் இயக்கப் பயிற்சி,
பன்னிரண்டு பேர், எட்டு மாதம், சம்பளம் உட்பட.
மறுநாள் ஊய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"கம்பெனியா, கோயிலா இது?"
"வெடித்தால் பேப்பரில் யார் பெயர் வரும், பாஸ்?"
மின்விசிறியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
பன்னிரண்டை அடித்து ஆறு என்றார்.
எட்டை நான்காக்கினார்.
சம்பளத்தைத் தொடவில்லை. மறந்தாரோ என்னவோ.
நான் நினைவுபடுத்தவில்லை.

திருத்தம் மூன்று போய்விட்டது.
பதில் இன்னும் வரவில்லை.
குப்பியின் மூடி சரியாக இறுகாததில்
பதினாலாவது வரிக்குப் பக்கத்தில் ஒரு துளி,
துடைக்கத் துடைக்கப் பரவியது.
ஸ்கேன் செய்தபோது அந்தச் சிவப்பு
கறுப்புப் புள்ளியாகத்தான் போயிற்று.
அங்கே யாராவது
அழுக்கென்று நினைத்திருக்கலாம்.