முப்பத்தொரு சதுர மீட்டர்

எங்கள் வீட்டில் ஒருவர் பல் துலக்கினால்
மற்றவர் காபி போட முடியாது.
லிஸ்பன், க்ராசா மேடு, நான்காம் மாடி.
கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்தால்தான்
மேசையை விரிக்க இடம்.
வாடகை என் சம்பளத்தை முழுதாக விழுங்கிவிட்டு
டெல்மோவின் சம்பளத்திலும் கை நனைக்கிறது.

ஆனாலும்
நாடகம் முடிந்து, விளக்குப் பலகையை மூடிவிட்டு நடந்தால்
பதினோரு நிமிடத்தில் வீடு.
வழியில் ஒலிவியாவின் கடை.
நின்றபடியே ஒரு சின்னக் கிளாஸ் செர்ரி மது,
கேட்காமலே ஊற்றுவாள்,
காசை வெள்ளிக்கிழமைதான் வாங்குவாள்.

இதற்கு எவ்வளவு போடுவது என்றான் டெல்மோ,
மளிகை ரசீதின் பின்புறத்தில் பென்சிலை வைத்து.
பதினோரு நிமிடம் எத்தனை யூரோ?
ஒலிவியா எத்தனை யூரோ?
எண்பது என்றேன்.
பிறகு மனத்துக்குள் அவளிடம் மன்னிப்புக் கேட்டு
நூற்றிருபது ஆக்கினேன்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
நாங்கள் ஆற்றையே அளந்தோம்.
தேஜோவின் அந்தப் பக்கம், பர்ரெய்ரோ:
மூன்று அறை, பாதி வாடகை,
துணி காய ஒரு பால்கனி,
நடுவில் ஒரு படகு.

வீட்டுக்காரர் பல்தசார், ரயில்வேயில் வெல்டராக இருந்தவர்,
கதவைத் திறந்துவிட்டு
பல் மருத்துவரிடம் போக வேண்டும் என்றார்.
பார்த்துவிட்டுச் சாவியைத்
தபால் பெட்டியில் போட்டுவிடுங்கள்.

முதல் அறையில் டெல்மோ தரையில் படுத்தான்.
கை இரண்டையும் விரித்தான்.
எந்தச் சுவரும் வந்து தொடவில்லை.
எழுந்து நின்று,
இல்லாத ட்ரோம்போனை உதட்டில் வைத்து
வலது கையை முன்னே நீட்டினான்,
இன்னும், இன்னும்,
முழங்கை நிமிரும் வரை.
எங்கள் வீட்டில் அந்தச் சுரத்துக்குப் போனால்
ஃபிரிட்ஜில் இடிக்கும்.
ஆறு வருடமாக அந்த ஒரு சுரத்தைத் தவிர்த்தே
அவன் வாசித்து வந்திருக்கிறான்.
எனக்கு இது தெரியாது.

மூன்றாம் அறையில் நான் தனியாக நின்றேன்.
என்ன செய்வது இதில்?
அங்கே சண்டை வந்தால் ஒருவர் மாடிப்படிக்குப் போவோம்,
குளிரில் கால் மணி நேரம் உட்கார்ந்து
தோற்றுத் திரும்புவோம்.
இங்கே
ஒரு மாலை முழுவதும் முகம் பார்க்காமலே
குடித்தனம் நடத்தலாம்.
ரசீதில் இதை எந்தப் பக்கம் எழுதுவது?

கடைசிப் படகை விட்டோம்.
துறைமுகப் பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் தோன்றியது,
இனி ஒவ்வொரு இரவும்
கைதட்டல் நீண்டால் நான் கடிகாரம் பார்ப்பேன்.
ரசிகர்கள் எழுந்து நிற்பார்கள்,
நடிகர்கள் மூன்றாம் முறை குனிவார்கள்,
மேலே, விளக்கறையில், ஒருத்தி
போதும், போதும் என்று
பல்லைக் கடித்துக்கொண்டிருப்பாள்.

எதிரே லிஸ்பன்.
உள்ளேயே இருந்ததால்
ஒருநாளும் முழுதாகப் பார்த்திராத ஊர்,
மேடு மேடாக விளக்கேற்றி
ஆற்றில் தலைகீழாகக் கிடந்தது.
இந்தக் காட்சிக்கு வாடகை கிடையாது,
அதையும் எழுது என்றேன்.
பென்சிலைக் காணோம்.

சமையலறை விளக்கை அணைத்தாயா? என்றான் அவன்.
நீ அணைத்தாய் என்று நினைத்தேன்.
அப்படியானால் அந்த மேட்டில் ஏதோ ஒரு புள்ளி
எங்களுடையது.
காலி வீட்டில், எங்கள் செலவில், எரிகிறது.
எது என்று தேடினோம்.
ஆயிரம் யூரோ விளக்கும் இரண்டாயிரம் யூரோ விளக்கும்
இங்கிருந்து ஒரே அளவு.

முதல் படகுக்கு இன்னும் நான்கு மணி நேரம்.
காற்று நனைந்து வந்தது.
கையைப் பாக்கெட்டில் விட்டேன்,
பல்தசாரின் சாவி.
பின்னால், நடந்தால் ஏழு நிமிடத்தில்,
மூன்று அறையும் கதவும்.

டெல்மோவுக்குக் காட்டினேன்.
பார்த்தான்.
எழுந்திருக்கலாம் என்று
நானும் சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை.
சாவி மட்டும்
கைக்குள் மெல்லச் சூடேறிக்கொண்டிருந்தது.