சுவிட்சு நடுவில் நிற்கும்போது

தறிச் சத்தத்தில் தூங்கப் பழகிவிட்டேன்.
சத்தம் நின்றால்தான் விழிப்பு.

ஒன்றேகாலுக்கு நின்றது.
சுவருக்கு அந்தப் பக்கம் எட்டுத் தறியும் ஒருசேர வாய்மூட
சோமனூர் எவ்வளவு பெரியதென்று
ஒரு நாய் குரைத்துக் காட்டியது.

டார்ச்சோடு பெட்டியைத் திறந்திருந்தாள் பூவாத்தாள்.
சுவிட்சின் நாக்கு மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை,
நடுவில்.
புதிதாய்ச் சேர்ந்த பையன் மேலே தள்ளுகிறான்,
தள்ளத் தள்ள நழுவுகிறது.
“அட, முழுசாக் கீழ இழுத்து உடோணும் கண்ணு,
அப்பறந்தான் மேல நிக்கும்.”

சன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றேன்.
பீளமேட்டு ஆய்வகத்தில் பகலெல்லாம்
அதைத்தான் வரைந்துகொண்டிருந்தேன்,
இத்தனை தெளிவாய் இல்லை.

சோடியம் வாசல் திறக்கும், உப்பு பாயும்.
ஒரு மில்லிநொடிகூட ஆகாது,
உள்ளிருந்து ஒரு நாக்கு வந்து அடைத்துக்கொள்ளும்.
திறப்பும் அல்ல, மூடலும் அல்ல அது.
எத்தனை தட்டினாலும் கேட்காது.
மின்னழுத்தம் கீழே, நன்றாகக் கீழே இறங்கி
சற்றுக் கிடந்தால்தான்
நாக்கு கழலும்.

சிறுமூளையின் புர்கின்ஜி செல் வேறு ரகம்.
நொடிக்கு ஐம்பது முறை துடிக்க வேண்டியது,
கிடப்பதற்கு ஏது நேரம்?
அதனால் நாக்கு அடைக்குமுன்
வேறொரு சின்னத் துணுக்கு ஓடிவந்து
வாசலில் குறுக்கே உட்கார்ந்துகொள்கிறது.
அழுத்தம் இறங்க, எழுந்து போகிறது.
அது போகிற போக்கில்
பூட்டாத வாசல் வழியே கொஞ்சம் உப்பு கசிகிறது.
அடுத்த துடிப்புக்கு அச்சாரம்.

அந்தக் கசிவைப் பார்க்கத்தான் பதினோரு வாரம்.
இன்று மாலை ஆறேமுக்காலுக்கு வந்தது:
திரையில் கீழ்நோக்கி ஒரு சிறு வளைவு,
நனைந்த நூல் தொய்வது போல.
இன்னொரு தடவை கேட்டேன்.
செல் செத்துவிட்டது.
கண்ணாடி ஊசியைக் குப்பையில் போட்டுவிட்டு
பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன்.

பூவாத்தாள் நாக்கைக் கீழே இழுத்தாள்.
டக்.
உடனே மேலே ஏற்றவில்லை.
சொம்புத் தண்ணீரை வாங்கி அண்ணாந்து குடித்தாள்.
பாவு அறுந்திருக்கிறதா என்று
தறி தறியாய் டார்ச்சடித்துப் பார்த்தாள்.
பையன் பெட்டியருகே கொட்டாவி விட்டான்.

ஒவ்வொன்றாய் எட்டும் ஓடத் தொடங்கியபோது
ஒரு தறி மட்டும் மற்றவற்றைவிட
அரைத் தட்டு முந்தியது.
எது அது, மூன்றாவதா, ஐந்தாவதா
என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.
எந்த எண்ணில் விட்டேனோ.