ஏழாவது கட்டம்

கிரிம்ஸ்பியில் நவம்பர் என்றால்
நாலு மணிக்கே விளக்குப் போட வேண்டும்.
பௌலிங் கிளப்பின் மாடி அறை,
மூன்றாவது செவ்வாய்,
பாதுகாப்பு அலுவலர் சங்கத்தின் கிளைக் கூட்டம்.
பன்னிரண்டு நாற்காலி, ஒன்பது பேர்.
தட்டில் சாசேஜ் ரோல்.
ஓரமாக எனக்கென்று வெள்ளரி சாண்ட்விச்,
மேலே குத்திய சீட்டில்
பூங்கோதை என்ற நான்
போங்கோவோடு நின்றிருந்தேன்.

அன்றைய பேச்சு ஏணிகள் பற்றி.
புரொஜெக்டருக்கு வயர் எட்டவில்லை.
யாரோ இன்னொரு வயரைக் கொண்டுவந்து
வாசலுக்குக் குறுக்கே இழுத்துவிட்டார்கள்.
ஒன்பது பேரும் பார்த்தோம்.
ஒன்பது பேரும் தாண்டிப் போனோம்,
சான்றிதழ் பெற்ற கால்களை
நன்றாகத் தூக்கி.
டீ கொண்டுவந்த பையன்தான் கேட்டான்:
"இதுக்கு டேப் ஒட்டலாமா?"
சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரமாயிற்று.

ஏணிகள் முடிந்ததும்
டெனிஸ் அல்யட் எழுந்தாள்.
இம்மிங்ஹாமில் தானியக் கிடங்கு, பதினாறு வருடம்.
"ஐந்து மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது.
தொட்டிக்குள் இறங்க அனுமதிச் சீட்டு.
காற்றை யார் அளந்தது என்று கேட்கவில்லை,
கையெழுத்துப் போட்டேன்.
அவன் நல்லபடியாக ஏறி வந்துவிட்டான்.
ஒன்றும் ஆகவில்லை.
அதனால்தான் இதை
யாரிடமும் சொல்ல முடியவில்லை."

செயலாளர் பேனாவை மூடிவைத்தார்.
நடவடிக்கைக் குறிப்பில் அந்த இருபது நிமிடம்
தேநீர் இடைவேளை.

யாரும் அவளைத் தேற்றவில்லை.
மீட்டர் எங்கே இருந்தது, என்றார் கல்குவாரிக்காரர்.
உனக்குமேல் யார், என்றது இன்னொரு குரல்.
பல் வைத்தியர் ஒவ்வொன்றாகத் தட்டுவதுபோல்
கேட்டுக்கொண்டே போனார்கள்.
அன்று எத்தனை சீட்டு?
அங்கேதான் வலித்தது.
"பத்தொன்பது."
"என் தளத்தில் அதை ஆறாகக் குறைக்க
எட்டு மாதம் ஆயிற்று," என்றார் கல்குவாரிக்காரர்.
"சனிக்கிழமை வா. உன் மேலாளருக்கு
சேர்ந்து எழுதுவோம்."

காரில் திரும்பும்போது மழை.
வைப்பர் இந்தப் பக்கம் போனால் டெனிஸ்,
அந்தப் பக்கம் போனால்
எங்கள் மீன் ஆலையின் மூன்றாம் குளிரறை.
உள்ளே மாட்டிக்கொண்டவர் தள்ளித் திறக்கும் கைப்பிடிக்கு
வாராவாரம் 'சரி' போடுகிறேன்.
வெளியே நின்று.
கதவின் சிறு கண்ணாடி வழியே.

காலை ஆறேகால்.
வைதாஸ் வெளியே, கையில் ரேடியோ.
"சாத்து. ஒரு நிமிடம் கழித்துத் திற," என்றேன்.

மைனஸ் இருபத்தெட்டு.
மூக்கு முடி ஒவ்வொன்றும் கம்பியாகிறது.
கூரைவரை ஹாடொக் பெட்டிகள்.
தள்ளினேன்.
அசையவில்லை.
தோளால் இடித்தேன்.
கைப்பிடியின் மூட்டில் உறைபனி, விரல் தடிமனுக்கு.
கத்தினேனா?
விசிறிகளின் உறுமலில்
அது எனக்கே தெரியவில்லை.

நாற்பதாவது நொடியில்
சொன்ன நேரத்துக்குக் காத்திராமல்
வைதாஸ் திறந்தான்.
"போன வாரமும் இப்படித்தான் இருந்தது.
ஆனால் உன் சீட்டில்
சரி என்று போட்டிருந்ததே."

மதியத்துக்குள் ஹீட்டர் கம்பி மாற்றியாகிவிட்டது.
மூன்று கதவிலும்.
மூன்று முறை உள்ளே போய்த் தள்ளிப் பார்த்தேன்.

இரவு, சமையலறை மேசை,
சங்கத்துக்கு அனுப்பவேண்டிய பயிற்சிப் பதிவு.
கட்டம் ஏழு: இதில் என்ன கற்றீர்கள்?
ஏணிகள் என்று எழுதி அழித்தேன்.
கைப்பிடி என்று எழுதினேன்.
குறைந்தது ஐம்பது சொல் வேண்டும் என்றது
சிவப்பு எழுத்து.

சரி, ஐம்பது சொல்.
பனியின் தடிமன். கதவின் எண்.
நான் டிக் போட்ட பதினோரு வாரம், தேதியோடு.
வைதாஸ் சொன்னது, சொன்னபடியே.
டெனிஸைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

கடைசியில் செலவிட்ட நேரம்.
அரை மணிக்குக் குறைவாக எதையும்
ஏற்காது அந்தக் கட்டம்.
நாற்பது நொடிக்கு
அரை மணி என்று போட்டேன்.
உள்ளே நின்றவளுக்கு
அது குறைவுதான்.