முழங்கால் கடல்

ஞாயிறு, கசூரினா.
சங்கக் கடையால் பதினொரு பேர்,
ஒரு வான், ஒரு சட்டி நண்டுக்கறி.

நடக்க நடக்க முழங்காலளவுதான் தண்ணி.
"இன்னும் கொஞ்சம் வாங்கோ, ஆழம் வரும்"
உழவு மெசின் ரியூப்பை இழுத்தபடி
முன்னால் போகிறார் கணக்காளர் குகநேசன்.

அரை மைல் போயிருப்பம்.
திரும்பிப் பார்த்தால்
சவுக்குகளுக்குள்ளே வான் ஒரு நெருப்புப்பெட்டி.
ஆழம் வரவேயில்லை.

பொறுமை கெட்டு ரியூப்பில் குந்தினார்.
குண்டி தரை தட்டியது.
மூன்று ரூபா இடித்தாலே
நித்திரை கொள்ளாத மனிசன்
மூக்கால் தண்ணி வரச் சிரித்தார்.

சுகிர்தமலர் முதலில் மல்லாந்தாள்,
பிறகு எல்லாரும்.
காதுக்குள் கடல், கண்ணுக்குள் வெயில்,
விரலிடுக்கில் ஏதோ ஓடும் குஞ்சுமீன்.

கரையில் நின்று
ஆரோ கை காட்டுகினம்.
நண்டு ஆறுதாக்கும்.

ஆறட்டும்.